வெடித்த பெட்ரோல் டியூப்பை ஒட்டலாமா, மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். பெட்ரோல் காக்கிலிருந்து (டேங்க் அடியில் இருக்கும் திருகு குழாய்) கார்ப்பரேட்டருக்குப் போகும் ரப்பர் டியூப் வெடித்து, வண்டியை நிறுத்தி வைத்தால் பெட்ரோல் வாடை வருகிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் எம்-சீல் வைத்து மேலே டேப் சுற்றிக் கொடுத்தார்கள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இதை ஒழுங்காக ஒட்ட வழி உண்டா, மாற்றுவதென்றால் எந்த டியூப் வாங்குவது, நானே மாற்றலாமா? கூடவே இன்னொன்று. அப்பாவின் பழைய டீசல் ஜீப் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது, சில நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே திணறி நின்றுவிடுகிறது. மெக்கானிக் ‘டீசல் டியூப் வெடித்திருக்கிறது’ என்கிறார். ஆனால் கீழே ஒரு சொட்டுகூட இல்லை. கசியாத டியூப்பை எதற்கு மாற்றவேண்டும்?

ஒட்டாதீர்கள், மாற்றுங்கள். ஸ்பிளெண்டரில் காக்கிலிருந்து கார்ப்பரேட்டர் வரை ஒரு சாண் நீளம்தான் இருக்கும். அந்த ஒரு சாண் டியூப்பும் இரண்டு கிளிப்பும், ஒட்டுவதற்கு வாங்கிய எம்-சீல், டேப் விலையோடு பெரிதாக வித்தியாசப்படாது. ஜீப் விஷயத்தில் உங்கள் மெக்கானிக் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஒட்டு ஏன் நிற்பதில்லை? பலர் பெட்ரோலின் அழுத்தம்தான் ஒட்டைப் பிய்க்கிறது என்று நினைக்கிறார்கள். கார்ப்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் தன் எடையால்தான் இறங்குகிறது. டேங்க்குக்கும் கார்ப்பரேட்டருக்கும் ஒரு அடி உயர வித்தியாசம் என்று வைத்தாலும் அழுத்தம் அரை பிஎஸ்ஐகூட (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அளவு) வராது. ஆக, அழுத்தத்தின் மேல் பழி போட முடியாது. கரைவதும் அசைவதும்தான் காரணம். இன்சுலேஷன் டேப்பில் இருக்கும் பசையைப் பெட்ரோல் கரைத்துவிடும். சுற்றிய டேப் வழவழவென்று நழுவி வருவதைப் பார்த்திருப்பீர்கள். எம்-சீல் இறுகினால் கல் மாதிரி ஆகிவிடும், ரப்பரோ ஒவ்வொரு அதிர்வுக்கும் வளைகிறது. கல்லும் ரப்பரும் சேரும் விளிம்பில் முடி அளவுக்கு இடைவெளி விழுந்தால் போதும், பெட்ரோல் அதில் புகுந்து வெளியே வந்துவிடும். எம்-சீலைக் குறை சொல்வதற்கில்லை. அசையாத குழாய்க்கு உண்டான சாமானை அசையும் டியூப்பில் வைத்தால் அது என்ன செய்யும். ஃபெவிக்விக் இன்னும் மோசம், காய்ந்ததும் உடையக்கூடியதாக ஆகி, டியூப் வளையும்போது ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் புது விரிசலை ஆரம்பித்து வைக்கும். சைக்கிள் பஞ்சர் ஒட்டும் முறையும் நடக்காது. அந்த ஒட்டும் சொல்யூஷனே பெட்ரோல் வகைக் கரைப்பானில் கரைத்த ரப்பர்தான்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. டியூப்பில் ஒரு இடத்தில் வெடிப்புத் தெரிகிறது என்றால் அந்த ஒரு இடம் மட்டும் கெட்டது என்று அர்த்தமில்லை. முழு டியூப்பும் ஒரே வயதுதான். வண்டியிலிருந்து கழற்றிய பழைய டியூப்பை வெளிச்சத்தில் பிடித்து விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் குறுக்குக் கோடுகளாக நுண்ணிய விரிசல்கள் வரிசையாக வாய் திறக்கும். எந்தத் திசையில் ரப்பர் இழுபடுகிறதோ அதற்குக் குறுக்காகவே அவை இருக்கும். இது காற்றில் இருக்கும் ஓசோன் செய்யும் வேலை. பெட்ரோல் டியூப்பின் உள்சுவர் பொதுவாக நைட்ரைல் ரப்பர். பெட்ரோலை அது நன்றாகத் தாங்கும், ஓசோனுக்கும் வெயிலுக்கும் தாங்காது. அதனால்தான் நல்ல டியூப்புகளில் வெளித்தோலுக்கு நியோப்ரீன் மாதிரி வேறு ரப்பரும், இரண்டுக்கும் நடுவே நூல் பின்னலும் வைக்கிறார்கள். எஞ்சின் சூடு, வெயில், அதிர்வு மூன்றும் சேர்ந்து வருஷக்கணக்கில் தின்ற பிறகு வெளித்தோல் இறுகி வெடிக்கும். முதலில் வெடிப்பது பெரும்பாலும் முனைதான், ஏனென்றால் நிப்பிள் (டியூப்பைச் சொருகும் குட்டிக் குழாய்) மேல் ஏற்றிய இடத்தில் ரப்பர் நிரந்தரமாக விரிந்தே இருக்கிறது.

எத்தனால் கதையையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். உங்கள் வண்டி அதற்கு ரொம்ப முந்தைய காலத்தது. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும், உள்ளே இருக்கும் மென்மையூட்டிகளை உருவி எடுக்கும். காய்ந்தால் அதே ரப்பர் முன்னைவிட விறைப்பாகச் சுருங்கும். இதனால் வண்டியே பாழாகிவிடும் என்று சிலர் பயமுறுத்துவதை நான் ஏற்கவில்லை. ஆனால் ரப்பர் சாமான்கள் சீக்கிரம் போகும் என்பது உண்மை. பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்றவேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் வெளியிட்ட விளக்கத்தில் சொல்லியிருக்கிறது.

நீங்கள் வண்டியை இரவில் எங்கே நிறுத்துகிறீர்கள் என்று எழுதவில்லை. நம் ஊர்களில் பலர் பைக்கை வீட்டுக்குள், ஹாலிலோ திண்ணையை ஒட்டிய ரேழியிலோதான் ஏற்றி நிறுத்துவார்கள். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழேயே தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவியாகும் திரவம். அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனம். அதனால் மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பக்கத்து அறைக்குப் போகும். காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். தரையில் எரியும் கொசுவர்த்தி, பூஜை அறை விளக்கு, மோட்டார் ஓட ஆரம்பிக்கும்போது பொறி விடும் ஃபிரிட்ஜ் ரிலே எல்லாமே தரைமட்டத்துச் சமாச்சாரங்கள்தான். புது டியூப் போடும் வரை வண்டி வெளியே நிற்கட்டும், நிறுத்தியதும் காக்கை ஆஃப் செய்யுங்கள். காக் ஒழுங்காக மூடினால் அதற்குக் கீழே டியூப்பில் மிச்சமிருக்கும் கொஞ்சம்தான் வெளியே வரும்.

மாற்றுவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். கசிவது அந்த டியூப்தானா? கார்ப்பரேட்டரிலிருந்து கீழே தொங்கும் மெல்லிய ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகப் பெட்ரோல் சொட்டினால் அது வேறு நோய். உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃபுளோட்டோ (மிதவை) நீடில் வால்வோ சரியாக மூடவில்லை. காக்கின் கைப்பிடி அடியில் ஈரம் இருந்தால் காக்கின் உள் வாஷர் போயிருக்கும். எல்லாவற்றையும் துணியால் துடைத்துக் காயவிட்டு, காக்கைத் திறந்து, டியூப்பின் இரண்டு முனையையும் சுற்றி வெள்ளைத் தாள் துண்டைப் பிடித்துப் பாருங்கள். பெட்ரோல் பட்ட இடம் உடனே கருத்துத் தெரியும். ஆனால் முகர்ந்து பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்க முயலவேண்டாம், ஒரு நிமிஷத்தில் மூக்கு மரத்துவிடும்.

இனி எந்த டியூப் வாங்குவது. முதல் தேர்வு ஒரிஜினல் ஸ்பேர்தான். நீளம், வளைவு, துளை எல்லாம் அளந்தபடி வரும், யோசிக்கவேண்டிய வேலை இல்லை. கிடைக்கவில்லை என்றால் மீட்டர் கணக்கில் விற்கும் பெட்ரோல் ஹோஸ். கடைக்குப் பழைய டியூப்பையே எடுத்துப் போங்கள். ஆனால் வெடித்து விரிந்த முனையைக் காட்டி அளவு கேட்காதீர்கள், பழைய டியூப்பை நடுவில் வெட்டி அந்த வெட்டுவாயைக் காட்டுங்கள். அங்கேதான் உண்மையான துளை அளவு இருக்கும். 100 சிசி வண்டிகளில் உள்விட்டம் 5 முதல் 6 மில்லிமீட்டருக்குள் வரும். அரை மில்லிமீட்டர் பெரிதாக இருந்தாலும் கிளிப்பை இறுக்கிச் சரிக்கட்டிவிடலாம் என்று கடைக்காரர் சொல்வார். கேட்காதீர்கள். பெரிய டியூப்பைக் கிளிப்பால் நெரித்தால் ஒரு பக்கம் மடிப்பு விழும், அந்த மடிப்பு வழியாகவே கசியும்.

டியூப் மேல் அச்சடித்திருந்தால் படியுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்6, ஆர்7 என்று (இவை ஹோஸின் தரக் குறியீடுகள்) இருந்தால் கார்ப்பரேட்டர் வண்டிக்குப் போதும். ஆர்9 என்றால் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு உண்டான உயர்ந்த ரகம். உள்சுவர் நைட்ரைலுக்குப் பதில் ஃபுளோரோ ரப்பர், எத்தனாலை ஏறக்குறைய சட்டை செய்யாது. விலை கூடத்தான், ஆனால் உங்களுக்குத் தேவை ஒரு சாண். துளை அளவு பொருந்தினால் நான் ஆர்9 போடத்தான் சொல்வேன். ஒன்றுமே அச்சடிக்காத, மொட்டையான கறுப்பு டியூப் என்றால் வாங்கவேண்டாம்.

வாங்கக்கூடாதவற்றின் வரிசை இன்னும் நீளம். கடைகளில் அதிகம் தொங்குவது கண்ணாடி மாதிரியான பிவிசி டியூப். பெட்ரோல் போவது தெரிகிறது, பார்க்க அழகாக இருக்கிறது என்று வாங்குகிறார்கள். அதை வளையவைக்கும் எண்ணெயைப் பெட்ரோல் சில மாதத்தில் உறிஞ்சிவிடும். மஞ்சளித்து, கட்டையாகி, முனையில் பிளந்துகொள்ளும். எஞ்சின் சூட்டில் இளகி மடங்கிப் பெட்ரோலை அடைப்பதும் உண்டு. சிலிக்கான் டியூப் சூட்டைத் தாங்கும், பெட்ரோலில் உப்பி நைந்துவிடும். ரேடியேட்டர் ஹோஸ், பிரேக் ஹோஸ் இரண்டும் வேறு ரப்பர், பெட்ரோல் பட்டால் பஞ்சாக ஊறும். சமையல் கேஸ் டியூப்பை வெட்டிப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது வாயுவுக்குச் செய்தது, துளை அளவும் பொருந்தாது. மருத்துவமனை டிரிப் டியூப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கிளிப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். கம்பியை வளைத்துச் செய்த ஸ்பிரிங் கிளிப்தான் இந்த அளவு டியூப்புக்குச் சரி. ரப்பர் சுருங்கினாலும் விரிந்தாலும் கூடவே போய்ப் பிடித்துக்கொள்ளும். ஸ்குரூ வைத்து இறுக்கும் பட்டைக் கிளாம்ப் இத்தனை சின்ன டியூப்பில் வட்டமாக உட்காராது, விளிம்பு ரப்பரை அறுக்கும். கட்டுக்கம்பி சுற்றி முறுக்குவது எல்லா ஊரிலும் நடக்கிறது, எல்லா ஊரிலும் அது டியூப்பை வெட்டத்தான் செய்கிறது. பழைய கிளிப்புகள் துருவேறித் தொளதொளவென்று இருந்தால் அவற்றையும் மாற்றிவிடுங்கள்.

வேலை நீங்களே செய்யக்கூடியதுதான். வெளியில், நிழலில், எஞ்சின் கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும், பவுடர் தீயணைப்பான் இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் வேண்டாம், பெட்ரோல் அதன் மேல் மிதந்து தீயைப் பரப்பும். பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். செல்போனை உள்ளே வைத்துவிட்டு வந்தால் கவனம் சிதறாமல் இருக்கும், அது தீக்காக அல்ல.

காக்கை ஆஃப் செய்யுங்கள். சும்மா கைப்பிடியைத் திருப்பிவிட்டு நம்பிவிடாதீர்கள். பதினைந்து வருஷக் காக் ஆஃபிலும் லேசாகக் கசியலாம். அதனால் கார்ப்பரேட்டர் பக்க முனையை முதலில் கழற்றி அடியில் ஒரு டப்பாவை வைத்துப் பாருங்கள். டியூப்பில் இருந்தது வடிந்து நின்றுவிட்டால் காக் மூடுகிறது. நிற்காமல் சொட்டிக்கொண்டே இருந்தால் டேங்க்கில் உள்ள பெட்ரோல் முழுவதையும் கேனில் இறக்கிவிட்டுத்தான் மேலே போகவேண்டும், காக்கையும் அப்போதே பார்த்துவிடலாம். கை நுழைய இடம் இல்லை என்றால் சீட்டைக் கழற்றி, டேங்க்கின் பின்பக்க போல்ட்டை எடுத்து, பெட்ரோல் மீட்டர் வயர் கனெக்டரைப் பிரித்து டேங்க்கைச் சற்றுத் தூக்கிக்கொள்ளலாம்.

கிளிப்பின் இரண்டு காதையும் நோஸ் பிளேயரால் அழுத்தி டியூப்பின் நடுப்பக்கம் தள்ளுங்கள். டியூப்பை நேராகப் பிடித்து இழுக்காதீர்கள், முதலில் இடமும் வலமுமாகத் திருகிப் பிடி விட்ட பிறகு இழுங்கள். இறுகிப் போன டியூப் நிப்பிளோடு ஒட்டிக்கொண்டு வராது. அதை விடாப்பிடியாக இழுத்தால் கார்ப்பரேட்டர் நிப்பிள் வளைந்துவிடும், அப்புறம் செலவு வேறு கணக்கில் போகும். முனையின் மேல் நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்தெடுங்கள், நிப்பிளில் பிளேடு படாமல். பித்தளையில் நீளமாக ஒரு கோடு விழுந்தால் புது டியூப்பிலும் அந்தக் கோடு வழியாகப் பெட்ரோல் நடக்கும். நிப்பிளைத் துணியால் துடைத்து, பச்சையாகப் பிடித்த களிம்பையும் பழைய எம்-சீல் துணுக்குகளையும் எடுத்துவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டாம்.

கழற்றிய பழைய டியூப்பை உடனே வீசாமல் பிளேடால் நீளமாகப் பிளந்து உள்ளே பாருங்கள். உள்சுவர் பளபளப்பாக இருந்தால் சரி. தோல் உரிந்து கறுப்பு மாவு மாதிரி விரலில் ஒட்டினால், அந்த மாவு ஏற்கெனவே கார்ப்பரேட்டருக்குள் போயிருக்கும். அப்படி இருந்தால் கார்ப்பரேட்டர் அடியில் உள்ள டிரெயின் ஸ்குரூவைத் திறந்து பவுலில் (கார்ப்பரேட்டரின் அடிப்பாத்திரம்) உள்ள பெட்ரோலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் கறுப்புத் துகள் தங்கினால் பவுலைக் கழற்றிச் சுத்தம் செய்யவேண்டும். ஒரு துகள் நீடில் வால்வின் வாயில் உட்கார்ந்தால் போதும், ஓவர்ஃப்ளோ ஆரம்பித்துவிடும். புது டியூப் போட்டும் கசிகிறதே என்று அப்போது தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். புதிய பிளேடால், கோணல் இல்லாமல், ஒரே வெட்டில் புது டியூப்பை வெட்டுங்கள். கட்டிங் பிளேயரால் நறுக்கினால் முனை நசுங்கிப் பிசிறு உள்ளே விழும். வெட்டிய பிறகு ஊதிப் பாருங்கள்.

நீளம் பழைய டியூப் எவ்வளவோ அவ்வளவே. கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று நீட்டி விட்டால் வயிறு தொங்கும், அங்கே சூட்டில் ஆவிக் குமிழி தங்கி வண்டி மதிய வெயிலில் மட்டும் நிற்கும். குறைத்தால் முனை இழுபட்டு மறுபடி அங்கேதான் வெடிக்கும். கிளிப் இரண்டையும் டியூப்பில் முதலில் மாட்டிக்கொண்டுதான் ஏற்றவேண்டும். இதை மறந்துவிட்டு ஏற்றிய டியூப்பைத் திரும்பக் கழற்றாத ஆள் கிடையாது. நிப்பிள் மேல் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவினால் சுலபமாக ஏறும். நிப்பிளின் புடைப்பைத் தாண்டி அடி முட்டும் வரை தள்ளுங்கள், கிளிப் அந்தப் புடைப்புக்குப் பின்னால் உட்காரவேண்டும், புடைப்பின் மேலேயோ டியூப்பின் விளிம்பிலோ அல்ல. டியூப் சிலிண்டர் ஃபின்னைத் தொடக்கூடாது, ஆக்சிலரேட்டர் கேபிளோடு உரசக்கூடாது, எங்கேயும் மடங்கக்கூடாது.

இன்லைன் ஃபில்டர் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். காக்கின் உள்ளேயே சல்லடை இருக்கிறது, அது நல்ல நிலையில் இருந்தால் தேவையில்லை. டேங்க் துருப்பிடித்திருந்தால் மட்டும் போடுங்கள். அதுவும் சின்ன நைலான் வலை ஃபில்டர், அம்புக்குறி கார்ப்பரேட்டர் பக்கம் பார்க்கவேண்டும். பம்ப் வைத்த கார்களுக்கு உண்டான பேப்பர் ஃபில்டரைப் போட்டால், அரை பிஎஸ்ஐகூட இல்லாத அழுத்தத்தில் பெட்ரோல் அதைத் தாண்டி வர மூச்சு வாங்கும். வேகமாகப் போகும்போது வண்டி இழுக்காது.

எல்லாம் முடிந்ததும் காக்கைத் திறந்து பத்து நிமிஷம் வேடிக்கை பாருங்கள், ஸ்டார்ட் செய்யாமல். தாள் துண்டை இரண்டு முனையிலும் ஒற்றுங்கள். உலர்ந்திருந்தால் பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து, ஒரு சுற்றுப் போய் வந்து, எஞ்சின் சூட்டில் மறுபடி ஒருமுறை பாருங்கள். சூட்டில்தான் சில கசிவு தலைகாட்டும்.

நடுவழியில் டியூப் வெடித்தால்? வெடிப்பு முனையில் இருந்து, டியூப்பில் கொஞ்சம் மிச்ச நீளமும் இருந்தால், கெட்ட முனையை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஏற்றுங்கள். வெடிப்பு நடுவில் என்றால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு, அதே அளவு பித்தளை ஜாயிண்டர் ஒன்றை இரண்டு பக்கமும் சொருகிக் கிளிப் போடலாம். ஒட்டைவிட இது ஆயிரம் மடங்கு மேல், ஆனாலும் வீடு போய்ச் சேரும் வரைக்குத்தான். இரண்டாக இருந்த முனை நான்காகிவிட்டது இல்லையா.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் கார்ப்பரேட்டர் வண்டிக்குச் சொன்னது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு விற்ற பைக்குகளும் ஸ்கூட்டர்களும் ஏறக்குறைய எல்லாமே ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். அவற்றில் பம்ப் சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது, அதாவது 43 பிஎஸ்ஐ. அங்கே ஒரு நுண்ணிய வெடிப்பு சொட்டாது, ஸ்பிரே அடிக்கும், சூடான சைலன்சர் மேலேயே அடிக்கும். ஆர்7 ஹோஸின் வரம்பு 50 பிஎஸ்ஐ பக்கம்தான், அதை நம்பி அங்கே போடக்கூடாது. அந்த வண்டிகளில் வார்த்தெடுத்த டியூப் கிளிக் கனெக்டரோடு முழு பாகமாக வரும், அதை அப்படியே மாற்றவேண்டும். வெட்டி ஒட்டும் பேச்சே கிடையாது.

இப்போது அப்பாவின் ஜீப். ஸ்பிளெண்டரில் டேங்க் மேலே, கார்ப்பரேட்டர் கீழே. டியூப் வெடித்தால் பெட்ரோல் வெளியே வருகிறது. ஜீப்பில் டேங்க் கீழே, எஞ்சின் மேலே. ஃபீட் பம்ப் டீசலை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் டியூப்புக்குள் இருப்பது வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம். அங்கே வெடிப்பு விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். அதனால்தான் தரையில் சொட்டு இல்லை. ராத்திரி நிறுத்தி வைத்திருக்கும்போது அதே வெடிப்பு வழியாகக் காற்று புகுந்து, டியூப்பில் நின்ற டீசல் மெல்ல டேங்க்குக்கே இறங்கிவிடும். காலையில் செல்ஃப் அடித்தால் பம்புக்கு முதலில் கிடைப்பது காற்று. காற்று அமுங்கும், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலைத் திறக்கும் அழுத்தத்தை டீசல் மாதிரி கட்டாது. ஓடும்போது திணறி நிற்பதும் இதே கதைதான். டேங்க்கில் டீசல் குறையக் குறையத் தொல்லை கூடுகிறதா என்று அப்பாவைக் கேளுங்கள். ஆமாம் என்றால் சந்தேகம் இன்னும் உறுதியாகும்.

மெக்கானிக் சொன்னதை நம்பாமல் நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கிறது. நான் பிவிசி டியூப்பைத் திட்டினேன்; அது உபயோகப்படும் ஒரே இடம் இது. பம்புக்குள் போகும் டீசல் டியூப்பைக் கழற்றி, அந்த இடத்தில் தற்காலிகமாக அந்தக் கண்ணாடி மாதிரியான பிவிசி டியூப்பைப் போட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். குமிழிகள் வரிசையாக ஓடிவந்தால் எங்கேயோ காற்று பிடிக்கிறது. அடுத்து, ஒரு சுத்தமான கேனில் டீசல் ஊற்றி எஞ்சினைவிட உயரமாகத் தொங்கவிட்டு, அதிலிருந்து நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். எஞ்சின் சீராக ஓடினால் குற்றம் டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவே. அந்தத் தூரத்தில் ரப்பர் டியூப் மட்டுமில்லை, இரும்புக் குழாய் சேஸிஸில் உரசித் தேய்ந்த இடமும், பேஞ்சோ போல்ட்டின் (குழாய் முனையை இணைக்கும் துளை போல்ட்) செப்பு வாஷரும்கூடக் காற்று பிடிக்கும். டியூப்பை மாற்றும்போது வாஷரையும் புதிதாகப் போட்டுவிடுங்கள், பழையது ஏற்கெனவே நசுங்கி உட்கார்ந்துவிட்டது. நாசில்களின் மேலே போகும் மெல்லிய ரிட்டர்ன் டியூப்பையும் அப்படியே விரலால் வளைத்துப் பார்த்துவிடலாம்.

பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் கனத்த இரும்புக் குழாயை மட்டும் நீங்கள் தொடவேண்டாம். எஞ்சின் ஓடும்போது அதில் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே விரலே போய்விடும் அளவுக்குச் சேதம் ஆகும். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லையே என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

புது டியூப் போட்டதும் ஏர் எடுக்கவேண்டும், அதாவது உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றவேண்டும். டீசல் ஃபில்டர் தலையில் உள்ள பிளீட் ஸ்குரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, அடியில் துணி வைத்து, ஃபீட் பம்பில் உள்ள கைப் பிரைமரை அடியுங்கள். முதலில் நுரை வரும், அப்புறம் குமிழியும் டீசலும் கலந்து வரும், கடைசியில் குமிழி இல்லாமல் வழியும். பிரைமரை அழுத்திப் பிடித்தபடியே ஸ்குரூவை இறுக்குங்கள், விட்டுவிட்டு இறுக்கினால் ஒரு வாய் காற்றை அது திரும்ப இழுத்துக்கொள்ளும். இன்ஜெக்‌ஷன் பம்பிலும் பிளீட் ஸ்குரூ இருந்தால் அதே மாதிரி. பிறகு செல்ஃப் அடியுங்கள், ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஸ்டார்ட்டர் ஆற விடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் சில நிமிஷம் கொஞ்சம் குலுங்கி ஓடும், மிச்சக் காற்று ரிட்டர்ன் வழியாகப் போனதும் சீராகிவிடும். மறுநாள் காலை முதல் அடியிலேயே பிடித்தால் வேலை முடிந்தது. பிடிக்கவில்லை என்றால் டேங்க்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயின் மேல்முனை இணைப்பைப் பாருங்கள். சீட்டுக்கு அடியில், சேறு படிந்து, யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் இருக்கும். அங்கேயும் ஒரு துண்டு ரப்பர் டியூப் இருக்க வாய்ப்பு உண்டு.